நானூற்று நாற்பது மீட்டர் ஒற்றைக் கம்பி

கிளியனூர்
6.1.2025

என் அக்கா பெற்ற மகாராணி இசைவாணிக்கு,

தாய்மாமன் சின்னக்கண்ணு தோட்டத்திலிருந்து எழுதுவது. இங்கே நான் கருங்கல் மாதிரி இருக்கிறேன். உன் உடம்பு எப்படி, உன் அம்மாவின் முழங்கால் எப்படி என்று மறக்காமல் எழுதவும்.

நீ நாலு தடவை போன் செய்ததாகக் காட்டுகிறது. ஒரு தடவை எடுத்தேன். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. உங்கள் விழுப்புரம் டவரில் ஏதோ பெரிய கோளாறு. அதனால் இனி நமக்குள் எழுத்துதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று நினைக்காதே. என் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வம்சத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. இன்றைக்கு இந்த மூன்று ஏக்கரும் என் ஒருவன் பொறுப்பில் இருக்கிறது. முதலாளி அரிபிரசாத் சார் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். இங்கே ராஜாவும் நான்தான், மந்திரியும் நான்தான். சேனாதிபதி நம் பவுடர். முகத்தில் பவுடர் கொட்டியது போல வெள்ளை இருக்குமே, அந்த நாய். கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் நின்றால் போதும், எழுந்து என் முன்னால் வந்து நிற்பாள். சிங்கத்தைப் பார்த்தாலும் பின்வாங்க மாட்டாள். ஆனால் வாத்தைப் பார்த்தால் புத்தி கெட்டுவிடுகிறது.

பக்கத்துக் குட்டைக்காரன் முத்துசாமியின் வாத்து பதினான்கைக் கவ்விவிட்டாள். அவன் நேராகச் சென்னைக்கே போன் போட்டுவிட்டான். சாருக்குச் சுவர் எழுப்ப இஷ்டமில்லை. வயல் தெரிய வேண்டுமாம். அதற்குப் பதிலாக ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். சுவரில் மாட்டுகிற மெஷின் ஒன்று, நாய்க்குக் கழுத்துப்பட்டை ஒன்று. நிலத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கம்பி புதைத்துவிட்டால் நாய் அதைத் தாண்டாதாம். கூட வந்த கம்பி நூல் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கத்துக்குக்கூடப் போதாது. மீதியை இங்கேயே வாங்கச் சொல்லிவிட்டார்.

சித்திரை ஒன்றாம் தேதி சார் வந்து பார்ப்பார். அன்றைக்கும் நாய் தாண்டினால் சென்னையில் ஒரு காப்பகத்தில் விட்டுவிடுவாராம். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. மின்வாரியத்துக்குக் காண்டிராக்டில் கம்பம் நட்ட காலத்தில் மாவட்டத்துக்கே வெளிச்சம் கொடுத்தவன் நான். இருந்தாலும் நீ விழுப்புரத்தில் வயர் கடையில் நிற்கிறாய். உனக்கும் ஒரு மரியாதை தர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்: எந்தக் கம்பி வாங்கலாம்? சுற்றளவு என் நடையில் தொள்ளாயிரம் அடி வைப்பு. ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் அருமை மாமன்,
சி. சின்னக்கண்ணு, தோட்ட அதிகாரி

---

விழுப்புரம்
10.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இசை வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால்தான் வலி. நீங்கள் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா?

எங்கள் டவருக்கு ஒன்றும் இல்லை மாமா. கடையில் நாள் முழுக்கப் போனில்தான் ஆர்டர் எடுக்கிறேன். சரி, எழுதுவதும் நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது கம்பிக்குள் ஒரு சிக்னலை ஓட்டும். பவுடர் கம்பியை நெருங்கினால் கழுத்துப்பட்டை முதலில் 'கீங் கீங்' என்று கத்தும். அதையும் மீறிப் போனால் அதிலுள்ள இரண்டு முட்கள் வழியாகச் சின்னதாக ஷாக் அடிக்கும். ஓரிரு வாரத்தில் சத்தத்துக்கே திரும்பப் பழகிவிடும். கரண்டு கம்பி மாதிரி சுமை எதுவும் இல்லாததால் தடிமன் முக்கியமில்லை. ஒரு ஸ்கொயர் எம்எம் போதும்.

உறைதான் முக்கியம். வீட்டு வயரிங் கம்பி பல இழை, மேலே பிவிசி. மண்ணுக்குள் கிடந்தால் நாளாக நாளாக ஈரம் இறங்கும். உங்களுக்கு வேண்டியது ஒற்றைக் கம்பிச் செம்பு, மேலே தடித்த பாலித்தீன் உறை. ஒட்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒட்டுப் போட்ட இடத்தில்தான் அறும். செம்பு முலாம் பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும். கையால்கூடத் தொடாதீர்கள். மண்ணில் ஒரு மழைக்காலம் தாங்காது.

காலடி கணக்கு வேண்டாம். டேப் வைத்து அளந்து எழுதுங்கள். அதுவரை எதுவும் வாங்காதீர்கள்.

பொங்கலுக்கு வருவீர்களா? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பவுடரின் காதைத் தடவிக் கொடுங்கள்.
இசைவாணி

---

கிளியனூர்
20.1.2025

வயர் சாம்ராஜ்யத்தின் இளவரசிக்கு,

மாமன் சுகம். உப்பு குறைத்துவிட்டேன், அதாவது ஊறுகாயில் குறைத்துவிட்டேன். பொங்கலுக்கு வர முடியவில்லை. நான் ஒரு நாள் இல்லாவிட்டால் இந்தத் தோட்டம் நடுத்தெருவில் நின்றுவிடும்.

உன் கடிதம் பொங்கல் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதற்குள் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? திண்டிவனம் போய் மார்க்கெட் பக்கத்தில் ஒருவனிடம் ஐந்து சுருள் கம்பி வாங்கிவிட்டேன். சும்மா வாங்கவில்லை. கம்பியை எடுத்து மூக்கால் மோந்தேன். "இது சுத்தச் செம்பு" என்றேன். அவன் ஆடிப்போய்விட்டான்.

"பெரியவரே, நீங்க இன்னா லைன்மேனா இருந்தீங்களா?" என்றான்.

"லைன்மேனுங்களுக்கு வேலை கத்துக்குடுத்தவன்டா" என்றேன்.

பாதி விலைக்கு இறக்கிக் கொடுத்தான். மனுஷனை மதிக்கத் தெரிந்த கடைக்காரன்.

டேப் வைத்தும் அளந்தேன். முத்துசாமிதான் மறுமுனையைப் பிடித்தான். வாத்துச் சண்டை இருந்தாலும் கூப்பிட்டால் வருவான். நானூற்று நாற்பது மீட்டர் வந்தது. டேப் சுருங்கியிருக்க வேண்டும்.

உடனே பதில் போடு. மண்வெட்டி எடுத்துத் தயாராக நிற்கிறேன்.

என்றும் குறையாத வீரத்துடன்,
மாமன்

---

விழுப்புரம்
24.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் வராததால் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம், காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு பிளேடு எடுத்து அந்தக் கம்பியின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மூக்கால் தெரியாது மாமா.

எதற்கும் நான் எங்கள் முதலாளியிடம் சொல்லி ஐந்நூறு மீட்டர் ஒரே சுருளாக வரவழைத்துவிட்டேன். என் கணக்கில் போகட்டும் என்றேன், அவரும் சரி என்றார். ஏழு கிலோ கனம். அடுத்த சனிக்கிழமை பகல் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம், தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்:

மூலைகளில் கம்பியை மடக்காதீர்கள், வளைத்துக் கொண்டு போங்கள். மோட்டார் கேபிளுக்கு அருகில் ஓட்டாதீர்கள். முக்கியமாக, மெஷின் உங்கள் அறைச் சுவரில் இருக்கிறது, எல்லை தள்ளி இருக்கிறது. நடுவில் போகும் போக்குக் கம்பியையும் வரவுக் கம்பியையும் ஜடை பின்னுவது போல நெருக்கமாக முறுக்க வேண்டும். முறுக்கினால் ஒன்றின் சிக்னலை மற்றது அழித்துவிடும், பவுடர் அதன் மேல் தாராளமாக நடக்கலாம். முறுக்காவிட்டால் உங்கள் வாசலிலேயே கழுத்துப்பட்டை கத்தும், ஷாக்கும் அடிக்கும்.

முதல் இரண்டு வாரம் முட்களின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். சத்தம் மட்டும் போதும்.

அன்புடன்,
இசை

---

கிளியனூர்
9.2.2025

இசைவாணிக்கு மாமன் ஆசியோடு எழுதுவது,

உடம்பு இரும்பு. மனசில்தான் ஒரு கடுப்பு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை. எனக்கு முதலிலேயே தெரியும். அந்தக் கடைக்காரன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்க்கத்தான் வாங்கினேன். இப்போது அதில் அவரைப் பந்தல் கட்டிவிட்டேன். ஊரில் யாரிடமும் செம்புப் பந்தல் இல்லை.

உன் சுருள் வந்தது. ஏழு கிலோ என்று எழுதியிருந்தாய். ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு வந்தேன். ஒரு சாண் ஆழம் வெட்டி, நான்கு நாளில் நானூற்று நாற்பது மீட்டரும் புதைத்தேன். எட்டு ஆள் செய்கிற வேலை. மூலைகளை வளைத்தேன். மோட்டார் பக்கம் போகவே இல்லை. முட்களுக்கு டேப் ஒட்டிவிட்டேன். ஜடை விஷயத்தில் மட்டும் என் அனுபவத்தைக் காட்டினேன். நல்ல கம்பியை முறுக்கி வீணாக்குவானேன்? போக்குக் கம்பியை வாசலுக்கு இடது பக்கமும் வரவுக் கம்பியை வலது பக்கமும் தள்ளித் தள்ளிப் புதைத்தேன். அரண்மனை வாசலில் இரண்டு சிப்பாய் நிற்பது போல இருக்கிறது. நடுவில் பவுடர் வழக்கமாகப் படுக்கிற இடம்.

முத்துசாமி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.

"யோவ், இந்த ஒத்தைக் கம்பி உன் நாயை நிறுத்திடுமா?"

"உன்னையே நிறுத்தும்டா" என்றேன்.

இனிமேல்தான் கடுப்பு. மெஷினை ஓடவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பி மேலேயே நடந்தேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒரு கீங்கும் இல்லை. மூச்சே விடவில்லை. நீ அனுப்பிய கம்பி செத்த கம்பி. குற்றம் சொல்லவில்லை, உன் முதலாளி உன்னை ஏமாற்றிவிட்டார். நாளைக்கே அவரிடம் சண்டை போடு. வேண்டுமானால் நானே வருகிறேன், என் முகத்தைப் பார்த்தால் போதும்.

சித்திரைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

மனம் தளராத,
மாமன்

---

விழுப்புரம்
14.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். நீங்கள் நான்கு நாள் குனிந்து வெட்டியதைக் கேட்டு அம்மா திட்டினாள். இடுப்புக்குத் தைலம் தேயுங்கள்.

அந்தச் சுருளை நான் மீட்டர் வைத்து நுனியிலிருந்து நுனி வரை பார்த்துத்தான் அனுப்பினேன். எங்காவது அறுந்திருந்தால் பச்சை விளக்கே எரியாது. பச்சை எரிகிறது என்றால் கம்பி உயிரோடு இருக்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். மெஷினிலிருந்து ஒரு முனையைப் பிடுங்குங்கள். கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்து மெஷினே அலறும். ரோட்டில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்கும். அலறியதா என்று எழுதுங்கள். பெட்டியில் கடுகு மாதிரி ஒரு சோதனை பல்பு இருந்திருக்குமே, அதை முட்களில் வைத்தாலும் தெரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். கழுத்துப்பட்டையோடு நீங்கள் சுற்றி வந்தபோது பவுடர் என்ன செய்தாள்?

அதுவரை டேப்பை எடுக்காதீர்கள். வாசல் கம்பியையும் முறுக்கிவிடுங்கள் மாமா.

இசை

---

கிளியனூர்
1.3.2025

அம்மாடி இசை,

நான் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி முனையைப் பிடுங்கினேன். சிவப்பு விளக்கு மின்னியது. அலறல் ஒன்றும் இல்லை. மெஷின் ஊமை. நான் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அந்தச் சமயத்தில் முத்துசாமி காதைப் பொத்திக்கொண்டு வரப்பில் ஓடிவந்து என்னைப் பார்த்து ஏதோ கையை ஆட்டினான். பாவம், காதுவலி போல. பூண்டு எண்ணெய் விடச் சொல்லி அனுப்பிவிட்டேன். சோதனை பல்பு என் காலில் மிதிபட்டுப் போய்விட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: நான் சுற்றி வந்தபோது பவுடர் இருபதடி தள்ளித் தள்ளியே வந்தாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். என் நடையின் கம்பீரத்தை ரசித்தாள் என்று நினைக்கிறேன்.

எப்படியும் ஊமை மெஷின்தானே என்று டேப்பைப் பிய்த்துவிட்டு, கழுத்துப்பட்டையை ஒரு நகையாக இருக்கட்டும் என்று பவுடருக்குக் கட்டினேன். வாசலில் அவள் இடத்தில் போய்ப் படுத்தாள். படுத்தவள் நான்கடி உயரம் எகிறினாள். நல்ல பாம்பு! ஆறடி இருக்கும். நான் தடியை எடுப்பதற்குள் புற்றுக்குள் போய்விட்டது. நீ பயப்படாதே, மறுநாள் அடித்துவிட்டேன்.

அன்றிலிருந்து பவுடர் வாசலுக்கு வருவதில்லை. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். சோற்றை வைத்துவிட்டு நான் நகர்ந்தால்தான் வந்து சாப்பிடுகிறாள். கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறாள், கால் எடுத்து வைப்பதில்லை. கோபம் போல. ஒரு நாய்க்கு இவ்வளவு ரோஷமா என்று நான் சிரித்துக்கொள்கிறேன்.

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு சாரின் மேனேஜர் புகழேந்தி காரில் வந்தார். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஹாரன் அடித்தாராம், கத்தினாராம், போனும் செய்தாராம், கால் மணி நேரம். பிறகு கேட்டை ஏறிக் குதித்து வந்து தோளைத் தொட்டார். முகம் சிவந்திருந்தது.

"யோவ் பெரியவரே, நீ வாட்ச்மேனா, இல்ல வச்ச பொம்மையா?"

"நீங்க கேட்டை ஏறுவீங்களான்னு டெஸ்ட் பண்ணேங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சாரிடம் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதாவது, அப்படித்தான் சொல்லியிருப்பார். சொல்லட்டும். எனக்கா பயம்?

நாய் மட்டும் வாசலுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதற்கு ஏதாவது வழி இருந்தால் எழுது.

மாமன்

---

விழுப்புரம்
5.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வந்தவுடன் முதல் வேலையாகப் பவுடரின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். கழற்றிவிட்டு மீதியைப் படியுங்கள்.

பாம்பு வரவில்லை மாமா. ஷாக் அடித்திருக்கிறது. வாசலுக்கு இரண்டு பக்கமும் முறுக்காமல் புதைத்த கம்பிக்கு நடுவில்தான் அவள் படுப்பாள். அவளுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, அந்த இடத்தின் மேல் பயம்.

மெஷின் ஊமை இல்லை. முத்துசாமி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தது அதன் அலறல் தாங்காமல். கழுத்துப்பட்டையும் முதல் நாளிலிருந்து கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் பவுடர் இருபதடி தள்ளி வந்தாள்.

உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இதை எழுதுவதற்கு மூன்று தாள் கிழித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. போனில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" என்று சொல்வதை நான் டவர் என்றுதான் நம்பினேன். என் மேல்தான் தப்பு. கேட்டில் யார் வந்தாலும் பவுடர் எழுந்து உங்கள் முன்னால் வந்து நிற்பாள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அவள் போனால் உங்களுக்கு என்ன போகும் என்று இப்போதுதான் புரிகிறது.

சாருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை.

வாசல் கம்பியை மட்டும் முறுக்குங்கள். ஒரு அடிக்குப் பத்து முறுக்கு.

உங்கள் இசை

---

விழுப்புரம்
27.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. கடையில் வருஷக் கணக்கு நேரம் என்று லீவு தரவில்லை, இல்லையென்றால் நேரில் வந்திருப்பேன்.

நான் எழுதியது தப்பாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். ஒரு வரி போதும். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அம்மா உங்களுக்காகக் கேப்பை மாவு அரைத்து வைத்திருக்கிறாள்.

இசை

---

கிளியனூர்
20.4.2025

என் இசைக்கு,

மாமன் உயிரோடு இருக்கிறேன். அக்காவுக்கும் உனக்கும் எந்தக் குறையும் இல்லை என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்கு வேலை அதிகம் என்று நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பூட்டினால் அதில் எழுதியது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன்.

ஆனால் கழுத்துப்பட்டையை நீ சொன்ன அன்றே கழற்றிவிட்டேன். அவள் கழுத்தில் இரண்டு இடத்தில் முடி போயிருந்தது. மல்லாட்டைக் கொல்லையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாம்பே இல்லைடி, நான்தான் என்று சொன்னேன். அவள் என் கையை நக்கினாள். பாம்பை மறுநாள் அடித்தேன் என்று உனக்கு எழுதினேன் பார், அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

வாசலைத் தோண்டி இரண்டு கம்பியையும் வெளியே எடுத்து முறுக்கினேன். இருபது மீட்டருக்கும் அடிக்குப் பத்து, எண்ணி எண்ணி. முறுக்கியபின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் படுக்கிற இடத்தில் நானே படுத்துப் பார்த்தேன். முட்கள் உள்ளங்கையில் இருந்தன. ஒன்றும் இல்லை. அதன்பின்தான் அவளைக் கூப்பிட்டேன். வாசலுக்கு வர ஆறு நாள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது எல்லை. சத்தம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால்தானே அங்கே கொடி நட்டு நாயைப் பழக்கலாம்? சத்தம் எனக்கு எங்கே கேட்கப் போகிறது? முத்துசாமியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஷாக்கை ஆகக் குறைவாக வைத்து, முட்களைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து எல்லையைப் பார்த்து நடந்தேன். எங்கே கடித்ததோ அங்கேயிருந்து இரண்டு எட்டு உள்ளே வந்து ஒரு குச்சி நட்டு, என் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். நானூற்று நாற்பது மீட்டரும் இப்படித்தான். நூறு தடவை அடித்தது என்று எழுதலாம் என்று கை வந்தது. முப்பத்தொன்று. முப்பத்தொரு கொடி.

டேப் ஒட்டி, வாரில் பிடித்து, கொடி கொடியாகப் பவுடரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் காது விறைத்தால் சத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே திருப்பி, ஒரு கருவாட்டுத் துண்டு. பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். டேப்பை இன்றுவரை எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன்.

சித்திரை ஒன்றாம் தேதி சார் வந்தார். முத்துசாமியும் வந்து நின்றான், வேடிக்கை பார்க்க. அவன் வாத்துக் கூட்டம் சரியாகக் கொடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் போனது. பவுடர் ஓடினாள். கொடியண்டை போய் நின்றாள். நடுங்கினாள், தாண்டவில்லை. முத்துசாமி என் முகத்துக்கு நேரே வந்து கத்தினான். அதனால் முழுசாகப் புரிந்தது.

"இன்னாய்யா இது! என் வாத்து அது மூக்குக்கு நேரா போய்க்கினு இருக்கு, இது கோயில்ல நிக்கிற மாதிரி நிக்கிது!"

சார் கை தட்டினார். என் தோளைத் தட்டினார். பிறகு கேட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஏதோ நீளமாகப் பேசினார். முதுகுதான் தெரிந்தது. வழக்கம் போல "ஆமாங்க சார்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. புகழேந்தி ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றிப் போய் சாருக்கு முன்னால் நின்றேன்.

"சார், நீங்க சொன்னது ஒண்ணுமே எனக்குக் கேக்கல. காது போச்சு சார். இந்த நாய்தான் எனக்குக் காது. அதை அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்பிடுங்க. வச்சிக்கறதா இருந்தா ரெண்டு பேரையும் வச்சிக்கங்க. இப்ப நீங்க சொல்றதை எழுதிக் குடுங்க."

அவர் மெஷின் வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்துப் பேனாவை எடுத்தார். முதலில் எழுதியது: "எத்தனை வருஷமா?"

"மூணு வருஷம் சார்."

"இங்க வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்தானே?" என்று எழுதினார்.

"ஆமாங்க சார்" என்றேன். அந்த ஆமாங்க சார் உண்மையான ஆமாங்க சார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகழேந்திக்கு வரவில்லை. இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு வருஷம். பவுடர் வந்து என் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் சார் அந்த அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அதை அப்படியே காப்பி எடுக்கிறேன்:

"நாய் இருக்கட்டும். கேட்டில் பட்டன் வைத்து உங்கள் அறையில் விளக்கு எரிவது போலச் செய்யலாம். ஆறு மாதம் பார்ப்போம். அதற்குள் காதை டாக்டரிடம் காட்ட வேண்டும். பொய் சொன்னதுதான் பிடிக்கவில்லை."

கடைசி வரியைப் பல தடவை படித்தேன். தலையை ஆட்டினேன்.

அந்தப் பட்டனுக்கும் விளக்குக்கும் எந்தக் கம்பி போட வேண்டும் என்று நீ எழுதினால் அப்படியே போடுகிறேன். என் அனுபவத்தைக் காட்ட மாட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் விழுப்புரம் வருகிறேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு. தோட்டத்தைப் பவுடரும் முத்துசாமியும் பார்த்துக்கொள்வார்கள். அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ அரை நாள் லீவு போட்டு என்கூட உள்ளே வர வேண்டும். டாக்டர் ஏதாவது சத்தம் வைத்து, கேட்கிறதா என்று கேட்பார். நான் பழக்க தோஷத்தில் கேட்கிறது என்று சொல்லிவிடுவேன். நீ பக்கத்தில் நின்று, இல்லை டாக்டர், மாமாவுக்குக் கேட்கவில்லை என்று சொல்.

உன் மாமன்,
சின்னக்கண்ணு